ஒரே வயலின், இரண்டு பட்டியல்: டிஸ்கோ காலத்தில் மென்பாடல்கள் முதலிடம் பிடித்த கதை

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டை ஓடவிட்டு, மேசையில் விரலால் தட்டி எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 தட்டு வரும். அப்புறம் அதே குழுவின் 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்' பாட்டை எண்ணுங்கள். ஏறத்தாழ 105. முதல் பாட்டைக் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே கால் ஆடும். இரண்டாவதைக் கேட்டால் கண் தானாக மூடும். ஒன்று டிஸ்கோவுக்கே முகவரியாகிவிட்ட பாட்டு, மற்றது ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிற பாட்டு. ஆனால் வேகத்தில் இரண்டும் உடன்பிறப்புகள்.

முதல் தடவை எண்ணியபோது நம்பாமல் மறுபடி எண்ணினேன். ஏனென்றால் 1970களின் அமெரிக்கப் பாடல்களைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கிற கதை வேறு. ஒரு பக்கம் கண்ணாடி உருண்டை சுழலும் நடனக் கூடம், டோனா சம்மர், ஷீக் குழு. மறுபக்கம் பாரி மனிலோ, கார்ப்பென்டர்ஸ், ஒலிவியா நியூட்டன் ஜான். இரண்டும் எதிரும் புதிருமான உலகங்கள் என்பார்கள். அந்தக் காலத்துப் பட்டியல்களை எடுத்து வரிசையாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. சில ஆண்டுகள் பிரிந்து இருந்தன. பிறகு ஒன்று விழுந்தபோது அதன் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் மற்றது எடுத்து வைத்துக்கொண்டது.

முதலில் மென்பாடல்களுக்கென்று இருந்த பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டு 1961 ஜூலையில் 'ஈசி லிசனிங்' என்ற பெயரில் ஒரு வாரப் பட்டியலைத் தொடங்கியது. முதல் வாரம் முதலிடத்தில் இருந்தது ப்ரூக் பென்டன் பாடிய 'தி போல் வீவில் சாங்'. ராக் அண்ட் ரோல் சத்தம் பிடிக்காத பெரியவர்களுக்கென்று ஓடிக்கொண்டிருந்த வானொலி நிலையங்களுக்கு உதவத்தான் அந்தப் பட்டியல். தொடக்கத்தில் அதற்குத் தனிக் கணக்கெடுப்புகூடக் கிடையாது. அதே இதழின் முதன்மைப் பாடல் பட்டியலான 'ஹாட் 100' பட்டியலை எடுத்து, அதில் ராக் பாடல்களை அடித்துவிட்டு, மிஞ்சியதை அதே வரிசையில் அச்சிட்டார்கள். 1965க்குப் பிறகுதான் அது சொந்தக் காலில் நின்றது. 1970களில் அது 50 பாடல்கள் கொண்ட பட்டியல். வானொலி நிலையங்கள் எதை ஒலிபரப்புகின்றன என்பதை வைத்துத் தொகுக்கப்பட்டது.

இந்த வேறுபாடு முக்கியம். ஹாட் 100 பட்டியலில் கடையில் இசைத்தட்டு விற்ற கணக்கும் சேரும். பதினாறு வயதுப் பையன் கைக்காசைக் கொடுத்து ஒரு தட்டு வாங்கினால் அது அங்கே எதிரொலிக்கும். ஈசி லிசனிங் பட்டியலில் தீர்மானிப்பவர் வானொலி நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். அவருடைய கவலை ஒன்றுதான்: சமையலறையிலோ காரிலோ அலுவலகத்திலோ வானொலியைப் போட்டு வைத்திருப்பவர் அதைத் திருப்பிவிடக் கூடாது. ஒரு பாட்டு யாரையும் விரட்டாமல் இருந்தால் போதும், அது மாதக்கணக்கில் ஓடும். அந்தப் பட்டியலில் சில பாடல்கள் ஏழு, எட்டு, பத்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்ததற்கு இதுவே காரணம்.

சரி, டிஸ்கோ இதற்குள் எப்படி வந்தது?

1974: முன்வாசல் வழியாக

டிஸ்கோ பின்வாசல் வழியாக நுழைந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது முன்வாசல் வழியாகவே வந்தது. 1974 பிப்ரவரியில் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது 'லவ்ஸ் தீம்'. பாரி ஒயிட் எழுதி, 40 பேர் கொண்ட லவ் அன்லிமிடெட் ஆர்கெஸ்ட்ரா வாசித்த இசைத்துண்டு. பாடல் வரியே கிடையாது. நியூயார்க் நடனக் கூடங்களில் டிஸ்க் ஜாக்கிகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு மக்கள் மனதில் பதித்த பிறகே வானொலி கண்டுகொண்டது. கூடத்திலிருந்து வானொலிக்கு வந்து முதலிடம் வரை போன முதல் தட்டுகளில் அது ஒன்று. அதே பாட்டு ஈசி லிசனிங் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலின் ரசிகர்களுக்கு வயலின் கூட்டம் மிகப் பழகிய சத்தம். 1968ல் பால் மோரியாவின் 'லவ் இஸ் ப்ளூ' என்ற வாத்திய இசை அதே பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்திருக்கிறது. அந்தக் காதுகளுக்கு 'லவ்ஸ் தீம்' புதியதாகத் தோன்றவில்லை. மேலே பட்டுச் சேலை மாதிரி வழுக்கி ஓடும் வயலின்கள், கீழே கொஞ்சம் துறுதுறுப்பான தாளம், நடுவில் 'வா-வா' என்று முனகும் கிட்டார். ஏபிசி தொலைக்காட்சி அந்த இசையைத் தன் கோல்ஃப் ஒளிபரப்புக்குப் பயன்படுத்தியது. கறுப்பின, லத்தீன், தன்பால் ஈர்ப்பு கொண்ட இளைஞர்கள் வியர்வை வழிய ஆடிய அதே இசையைக் கேட்டுக்கொண்டே, ஞாயிறு மதியம் அமெரிக்க நடுத்தரக் குடும்பம் கோல்ஃப் பார்த்தது. டிஸ்கோவைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஒரு தகவலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கலாம் என்பது என் ஆசை.

இரண்டே மாதத்தில் அடுத்தது வந்தது. 1974 ஏப்ரலில் எம்.எஃப்.எஸ்.பி. குழுவின் 'டி.எஸ்.ஓ.பி.' ஹாட் 100 பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம். ஈசி லிசனிங்கிலும் முதலிடம். 'பிலடெல்ஃபியாவின் ஓசை' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். 'சோல் ட்ரெய்ன்' என்ற தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியின் முகப்பு இசை அது. அந்த நிகழ்ச்சியை நடத்திய டான் கார்னிலியஸ் தன் நிகழ்ச்சியின் பெயரைத் தட்டில் போட அனுமதிக்கவில்லை, பிறகு அதற்காக வருந்தினார். அதில் பின்குரல் கொடுத்த த்ரீ டிகிரீஸ் என்ற மூன்று பெண்கள் அதே ஆண்டில் 'வென் வில் ஐ சீ யூ அகெய்ன்' பாடினார்கள். அதுவும் ஈசி லிசனிங்கில் முதலிடம்.

இந்த ஓசை உருவான இடம் பிலடெல்ஃபியாவில் ஜோ டார்சியா 1968ல் திறந்த சிக்மா சவுண்ட் ஸ்டுடியோ. கென்னத் கேம்பிள், லியோன் ஹஃப், டாம் பெல் என்ற மூவர் அங்கே பாடல்களை எழுதித் தயாரித்தார்கள். அங்கே ட்ரம்ஸ் வாசித்தவர் எர்ல் யங். 1973ல் ஹரால்ட் மெல்வின் குழுவுக்காக 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டைப் பதிவு செய்யப் போனபோது, அது மெதுவான சோகப் பாட்டாகத்தான் தீர்மானிக்கப்பட்டிருந்தது. எர்ல் யங் அதை வேகமாகப் பிடித்தார். நான்கு அடியிலும் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம், இடையிடையே 'ட்ஸ்ஸ்' என்று திறந்து மூடும் ஜோடித் தாளமான ஹை-ஹேட். டிஸ்கோ தாளத்தின் அச்சு அங்கே வார்க்கப்பட்டது என்று இசை வரலாற்றாளர்கள் சொல்வார்கள். அந்தப் பாட்டை இப்போது கேளுங்கள். மேலே ஓடும் மெட்டு, வயலின், பாடகரின் ஏக்கம் எல்லாமே இன்னும் அந்த மெதுவான சோகப் பாட்டுக்கு உரியவைதான். அடித்தளம் மட்டும் மாறியிருக்கிறது. டிஸ்கோ என்பது மென்பாட்டுக்குப் புதுச் சக்கரம் மாட்டியது என்று எனக்குத் தோன்றுவது இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம்தான்.

ஒரே பாட்டு இரண்டு இடத்திலும்

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டியல்கள் இரண்டும் தோளோடு தோள் உரசி நடந்தன. 1975ல் மட்டும் பாருங்கள்: பாரி மனிலோவின் 'மேண்டி', கார்ப்பென்டர்ஸின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்', ஒலிவியா நியூட்டன் ஜானின் 'ஹேவ் யூ நெவர் பீன் மெல்லோ', க்ளென் கேம்பலின் 'ரைன்ஸ்டோன் கவ்பாய்'. எல்லாம் இரண்டு பட்டியலிலும் முதலிடம். 1976ல் சிகாகோ குழுவின் 'இஃப் யூ லீவ் மீ நவ்', பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு பாடிய 'சில்லி லவ் சாங்ஸ்'. மெக்கார்ட்னியின் அந்தப் பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனித்தால், நடனக் கூடத்தின் காற்று அவர் பக்கமும் வீசியிருப்பது புரியும்.

சென்னை வாசகர்களுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். 1977 தொடங்கிய சமயத்தில் ஈசி லிசனிங் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு 'ஆஃப்டர் தி லவ்விங்'. பாடியவர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936 மே 2 அன்று மதராஸில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். பத்து வயதுவாக்கில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குக் குடிபோனது. இந்த வினோதப் பெயர் ஒரு ஜெர்மன் இசையமைப்பாளருடையது. மேலாளர் கார்டன் மில்ஸ் எடுத்து மாட்டிவிட்டார். 1967ல் இவர் பாடிய 'ரிலீஸ் மீ' இங்கிலாந்தில் பீட்டில்ஸின் 'பென்னி லேன்' தட்டையே முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது. அதற்குப் பின் பத்தாண்டுகள் கழித்து, டிஸ்கோ உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயதில் ஒரு மெதுவான காதல் பாட்டோடு அமெரிக்காவில் திரும்பி வந்தார். ஹாட் 100 பட்டியலில்கூட எட்டாம் இடம் வரை போனது. இவரை மறுபடி பார்ப்போம்.

1977 இலையுதிர்காலம் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். டெபி பூன் பாடிய 'யூ லைட் அப் மை லைஃப்' அக்டோபர் நடுவிலிருந்து பத்து வாரம் ஹாட் 100 முதலிடத்தை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பத்தாண்டிலேயே அவ்வளவு நீண்ட ஆட்சி வேறு எந்தப் பாட்டுக்கும் கிடையாது. பக்திப் பாட்டு மாதிரி ஒலிக்கும் மிக மென்மையான பாட்டு. சரி, அப்படியானால் ஈசி லிசனிங்கிலும் அதுதானே கொடி நாட்டியிருக்க வேண்டும்? அங்கே அது முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக மார்வின் ஹாம்லிஷ் இசையமைத்து கார்லி சைமன் பாடிய 'நோபடி டஸ் இட் பெட்டர்' அங்கே ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே கார்லி சைமன் ஹாட் 100 பட்டியலில் டெபி பூனைத் தாண்ட முடியாமல் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டார். கடைக்குப் போய் தட்டு வாங்கியவர்களுக்கு ஒரு பாட்டு பிடித்தது. வானொலியை அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு வேறொன்று பிடித்தது. டிஸ்கோ பாட்டு என்று எதுவுமே நடுவில் இல்லாதபோதே இரண்டு பட்டியலும் இப்படி விலகத் தொடங்கியிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகிற பிரிவுக்கு டிஸ்கோ மட்டும் பொறுப்பல்ல.

டெபி பூனை இறக்கிவிட்டு டிசம்பர் 24 அன்று ஹாட் 100 முதலிடத்தில் ஏறிய பாட்டு எது தெரியுமா? 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்'.

எரூவில் மாளிகையில்

பாரிஸுக்கு வெளியே எரூவில் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகை. அதை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். 1977ல் கிப் சகோதரர்கள் பாரி, ராபின், மாரிஸ் மூவரும் அங்கே தங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய மேலாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் தான் தயாரிக்கும் படத்துக்குப் பாடல் கேட்டார். அந்தப் படம் 'சாட்டர்டே நைட் ஃபீவர்'.

'ஸ்டேயிங் அலைவ்' பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய நேரத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் டென்னிஸ் பிரையனின் குடும்பத்தில் உடல்நலக்குறைவு. அவர் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. தாள இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. அப்போது இணைத் தயாரிப்பாளர்கள் ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் ஒரு வேலை செய்தார்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்த 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து ட்ரம்ஸ் மட்டும் கேட்கும் இரண்டு ஆவர்த்தனத்தை எடுத்து, அந்த நாடாவை வெட்டி முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, ஒலிவாங்கித் தாங்கியைச் சுற்றி ஓடவிட்டார்கள். அதே இரண்டு ஆவர்த்தனம் பாட்டு முடியும் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதக் கை வாசித்த தாளம், ஆனால் இம்மிகூட மாறாத தாளம். தட்டில் ட்ரம்ஸ் கலைஞர் பெயர் போட வேண்டிய இடத்தில் 'பெர்னார்ட் லூப்' என்று இல்லாத ஒருவரின் பெயரைப் போட்டார்கள்.

'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்' அதே வேகத்தில் நடந்தாலும், அங்கே தாளம் பின்னால் நிற்கிறது. ப்ளூ வீவரின் மின்பியானோ தண்ணீரில் விரலை விட்டு அளைவது மாதிரி முன்னால் வருகிறது. கிக் டிரம் நம்மை நெம்பித் தள்ளுவதில்லை. இரண்டு பாட்டுக்கும் உள்ள தூரம் தாளம் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது, எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதில் இல்லை. வானொலிப் பொறுப்பாளரின் காது இதை மிகத் துல்லியமாகப் பிடித்தது. 'ஹவ் டீப்' ஈசி லிசனிங்கில் ஆறு வாரம் முதலிடம். 'ஸ்டேயிங் அலைவ்' ஹாட் 100 முதலிடத்துக்கு வந்து நாடே அதைப் பாடினாலும், ஈசி லிசனிங்கின் உச்சிக்கு அருகில்கூட வரவில்லை.

இன்னும் சுவையான சேதி ஒன்று. 'ஹவ் டீப்' முதலில் ஹவாயைச் சேர்ந்த பாடகி இவான் எலிமனுக்காக நினைக்கப்பட்ட பாட்டு. ஸ்டிக்வுட் அதை நீங்களே பாடுங்கள் என்று பீ ஜீஸிடம் சொல்லிவிட்டு, எலிமனுக்கு 'இஃப் ஐ கான்ட் ஹேவ் யூ' என்ற டிஸ்கோ பாட்டைக் கொடுத்தார். அதே 1977ல் 'ஹலோ ஸ்ட்ரேஞ்சர்' என்ற மென்பாட்டோடு ஈசி லிசனிங் முதலிடத்தில் இருந்தவர் எலிமன். அதாவது மென்பாட்டுப் பாடகிக்கு டிஸ்கோ பாட்டு, டிஸ்கோ குழுவுக்கு மென்பாட்டு. எலிமனின் அந்தப் பாட்டு 1978 மே மாதம் ஹாட் 100 முதலிடம் பிடித்தது. இரண்டு உலகங்கள் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கைமாற்றத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

1978ல் அந்தப் படத்தின் பாடல் தொகுப்பு 24 வாரம் தொடர்ந்து ஆல்பம் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு கிராமி விருது விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பமும் அதுதான். ஆனால் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான போட்டியில் 'ஸ்டேயிங் அலைவ்' தோற்றது. வென்றது பில்லி ஜோயலின் 'ஜஸ்ட் தி வே யூ ஆர்'. ஈசி லிசனிங் முதலிடப் பாட்டு. எதிர்த்து நின்றவற்றில் இன்னொன்றும் ஈசி லிசனிங் முதலிடப் பாட்டு: சக் மான்ஜியோனி ஃப்ளூகல்ஹார்ன் ஊதிய 'ஃபீல்ஸ் சோ குட்'. அது டிஸ்கோவின் உச்ச ஆண்டு என்று எழுதப்படுகிற ஆண்டு.

பிரிவு

1978 ஜூலையில் நியூயார்க்கில் டபிள்யூ.கே.டி.யூ. என்ற எஃப்.எம். நிலையம் தன் பாட்டு வகையை மாற்றியது. அதுவரை 'மெல்லோ' என்று தன்னை அழைத்துக்கொண்டு மென் ராக் பாடல்களைப் போட்டுக்கொண்டிருந்த நிலையம். ஒரே நாளில் முழு நேர டிஸ்கோவுக்குத் தாவியது. ஆண்டு முடிவதற்குள் நகரத்திலேயே அதிகம் பேர் கேட்கும் நிலையமாகிவிட்டது. நாடு முழுக்க நிலையங்கள் அதைப் பார்த்து மாறத் தொடங்கின. இதன் விளைவு யாரும் திட்டமிடாதது: டிஸ்கோவுக்குத் தனி வீடு கிடைத்ததும், மென்பாட்டு நிலையங்கள் டிஸ்கோவைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 'டி.எஸ்.ஓ.பி.' காலத்தில் ஒரே நிலையத்தில் அடுத்தடுத்து வந்தவை இப்போது வேறு வேறு அலைவரிசைகளில் ஒலித்தன.

அந்தக் குளிர்காலத்தில் ஹாட் 100 முதலிடத்தை மாறி மாறிப் பிடித்தவை ஷீக்கின் 'லே ஃப்ரீக்' பாட்டும், பார்பரா ஸ்ட்ரைசாண்டும் நீல் டைமண்டும் சேர்ந்து பாடிய 'யூ டோன்ட் பிரிங் மீ ஃப்ளவர்ஸ்' பாட்டும். இரண்டாவது பிறந்த விதம் மென்பாட்டு வானொலியின் பலத்துக்கு நல்ல சாட்சி. இருவரும் அதைத் தனித்தனியாகத்தான் பாடியிருந்தார்கள். லூயிவில் நகர நிலையம் ஒன்றில் வேலை செய்தவர் இரண்டும் ஒரே சுருதியில் இருப்பதைக் கவனித்து, நாடாவை வெட்டி ஒட்டி, கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது மாதிரி ஆக்கி ஒலிபரப்பினார். கேட்டவர்கள் கடைக்குப் போய் அந்தத் தட்டைக் கேட்க, இல்லாத தட்டை உருவாக்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு. இருவரையும் அழைத்து நிஜமாகவே பாடவைத்தார்கள். எரூவிலில் ஒரு நாடா வளையம், லூயிவில்லில் ஒரு நாடா ஒட்டு. இரண்டு உலகத்துக்கும் கத்தரிக்கோலும் பசையும்கூட ஒன்றுதான்.

அதே குளிர்காலத்தில் ஈசி லிசனிங்கில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது அல் ஸ்டுவர்ட்டின் 'டைம் பாசேஜஸ்'. அதற்குச் சற்று முன்னால் ஜான் பால் யங்கின் 'லவ் இஸ் இன் தி ஏர்' இரண்டு வாரம் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாட்டு, சந்தேகமே இல்லாமல் டிஸ்கோ நடை. எழுதித் தயாரித்தவர்கள் ஹாரி வாண்டா, ஜார்ஜ் யங். இந்த ஜார்ஜின் தம்பிகள்தான் ஏசி/டிசி குழுவின் மால்கம், ஆங்கஸ் யங். அந்தக் குழுவின் ஆரம்பகால ஆல்பங்களைத் தயாரித்தவர்களும் இதே இரட்டையர். டிஸ்கோ, மென்பாட்டு, கடும் ராக் மூன்றும் ஒரே ஆட்களின் கையில்.

மூத்தவர்கள் பலர் டிஸ்கோ வண்டியில் ஏறப் பார்த்தார்கள். இசைக்குழுத் தலைவர் பெர்சி ஃபெய்த் தன் பழைய வெற்றியான 'எ சம்மர் பிளேஸ்' இசையை 1976க்காக டிஸ்கோ தாளத்தில் மறுபடி செய்தார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்துபோனார். சினாட்ரா 1977ல் 'நைட் அண்ட் டே' பாட்டை டிஸ்கோவாக்கிப் பாடினார். பெரும்பாலும் எடுபடவில்லை. எதிர்த்திசையில் போனவர்களுக்கு நல்ல காலம். 1976ல் துள்ளலான நடனப் பாட்டொன்றை ஹாட் 100 இரண்டாம் இடம் வரை கொண்டுபோன மாக்சின் நைட்டிங்கேல், 1979ல் 'லீட் மீ ஆன்' என்ற மென்பாட்டோடு மென்பாட்டுப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தார். எல்டன் ஜான் பிலடெல்ஃபியாவின் டாம் பெல்லோடு செய்த 'மாமா கான்ட் பை யூ லவ்' பாட்டும் அதே ஆண்டு அங்கே முதலிடம்.

ஆனால் பட்டியலின் பெயர் அதற்குள் மாறியிருந்தது. 1979 ஏப்ரல் 7 இதழிலிருந்து அது 'அடல்ட் கான்டெம்பரரி'. 'ஈசி லிசனிங்' என்றால் லிஃப்டிலும் பல் மருத்துவர் அறையிலும் ஒலிக்கும் இசை என்ற நினைப்பு வந்துவிட்டது. நிலையங்களும் பழைய இசைக்குழுப் பாடகர்களை விட்டுவிட்டு, பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்து இப்போது முப்பதைத் தாண்டியவர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தன. மதராஸில் பிறந்த எங்கல்பெர்ட் அந்த ஆண்டின் தொடக்கத்தில் 'திஸ் மொமென்ட் இன் டைம்' பாட்டோடு மறுபடி முதலிடம் வந்தார். ஹாட் 100 பட்டியலில் அந்தப் பாட்டு முதல் 50க்குள்கூட நுழையவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இரண்டு இடத்திலும் செல்லுபடியான அதே குரல் இப்போது ஒரு வீட்டில் ராஜா, மறு வீட்டில் அறிமுகமே இல்லாதவர். பிரிவு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

1979 முழுவதிலும் இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்த பாட்டு ஒன்றே ஒன்று. ஹெர்ப் ஆல்பர்ட்டின் 'ரைஸ்'. ட்ரம்பெட் இசை. அதை எழுதியவர்கள் அவருடைய அண்ணன் அல்லது தம்பி மகனான ராண்டியும், ஆண்டி ஆர்மரும். முதலில் டிஸ்கோ வேகத்தில்தான் அது இருந்தது. ஸ்டுடியோவில் அதை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடிக்கு இறக்கினார்கள். ஆடவும் வேண்டும், அணைத்தபடி நிற்கவும் வேண்டும் என்கிற வேகம். கைதட்டு, நிதானமான பேஸ், மேலே சோம்பலாக ஊதும் ட்ரம்பெட். ஆறு ஆண்டுக்கு முன் பிலடெல்ஃபியாவில் சோகப் பாட்டை வேகப்படுத்தி டிஸ்கோ செய்தார்கள். இங்கே டிஸ்கோவை மெதுவாக்கி மென்பாட்டு செய்தார்கள். அக்டோபரில் இரண்டு வாரம் ஹாட் 100 முதலிடம்.

சாமான்கள் கைமாறின

'ரைஸ்' வருவதற்குச் சில மாதம் முன்பு, 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். தன் நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதால் வேலை இழந்த வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் நடத்திய நிகழ்ச்சி. ஒரு டிஸ்கோ தட்டும் 98 சென்ட்டும் கொடுத்தால் அனுமதி. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அந்த வெறுப்பில் இசை ரசனை எவ்வளவு, கறுப்பினத்தவர் மீதும் தன்பால் ஈர்ப்பாளர்கள் மீதும் இருந்த கோபம் எவ்வளவு என்று அப்போதே எழுதினார்கள். அன்று எரிந்த தட்டுகளில் நடனப் பாட்டே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்தன என்பதைப் படித்த பிறகு, அதை விளையாட்டான கொண்டாட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு பீ ஜீஸ் என்ற பெயரைக் கேட்டாலே நிலையங்கள் முகத்தைத் திருப்பின. இரண்டு ஆண்டுக்கு முன் எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்ட குரல். பாரி கிப் அப்போது வேறு வழி பிடித்தார். மற்றவர்களுக்கு எழுதினார். 1980ல் ஸ்ட்ரைசாண்டுக்காக சகோதரன் ராபினோடு எழுதிய 'வுமன் இன் லவ்' ஹாட் 100 பட்டியலில் மூன்று வாரம், அடல்ட் கான்டெம்பரரியில் ஐந்து வாரம் முதலிடம். தயாரித்தவர்கள் யார் என்று பார்த்தால் பாரி கிப், ஆல்பி கலூட்டன், கார்ல் ரிச்சர்ட்சன். நாடாவை வளையமாக ஒட்டிய அதே கைகள். 1983ல் கென்னி ராஜர்ஸ், டாலி பார்ட்டன் இருவருக்கும் சகோதரர்கள் எழுதிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' இரண்டு பட்டியலிலும் முதலிடம் போனது. நாட்டுப்புற இசையான கன்ட்ரி பட்டியலிலும்.

இடையில் 1982ல் டியான் வார்விக் பாடிய 'ஹார்ட்பிரேக்கர்' வந்தது. அதுவும் கிப் சகோதரர்கள் எழுதியதுதான், அடல்ட் கான்டெம்பரரியில் அதுவும் முதலிடம். பல்லவி வரும்போது டியான் வார்விக்கின் ஆழ்ந்த குரலுக்குப் பின்னால், மேல் ஸ்தாயியில், சன்னமாக இன்னொரு குரல் எழும். ஒரு முறை கேட்டவர்கள் மறக்க முடியாத, பாரி கிப்பின் அந்தப் பொய்க்குரல். பீ ஜீஸ் பாட்டே வேண்டாம் என்ற நிலையங்கள் அதை நாள் முழுக்க ஒலிபரப்பின. தட்டின் மேல் அச்சடித்திருந்த பெயர் டியான் வார்விக்.